மொதல்ல மண்ண சுத்தம் பண்ணுங்க, பில்ல அப்புறம் அனுப்பிக்கலாம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

மூடிட்டுப் போன ஃபேக்டரி நெலத்த அரசாங்கக் காசுல சுத்தம் பண்ணணும்னு யாராவது பேச்செடுத்தாலே "கெடுத்தது ஒருத்தன், தண்டம் கட்டுறது நாங்களா"ன்னு கோபம் வருது. நியாயமான கோபம்தான், எனக்கும் வரும். ஆனா கெடுத்தவன்கிட்ட காசு வாங்குற வரைக்கும் மண்ணத் தொடமாட்டோம்னு உக்காந்தா கேஸு பாட்டுக்கு நடக்கும், கீழ விஷம் பாட்டுக்கு எறங்கிட்டே இருக்கும்.

ராஜஸ்தான்ல உதய்ப்பூர் பக்கம் பிச்சிரின்னு ஒரு கிராமம். சாயத்துக்குப் போற ஹெச் ஆசிட் தயாரிச்ச கம்பெனிங்க கழிவ அப்படியே விட்டு, கிணத்துத் தண்ணியெல்லாம் குடிக்க லாயக்கில்லாமப் போச்சு. கெடுத்தவனே செலவ ஏத்துக்கணும்னு 1996-ல சுப்ரீம் கோர்ட் தெளிவா தீர்ப்பு சொல்லிடுச்சு, அடுத்த வருஷம் 37 கோடிக்கு மேல கட்டுன்னு தொகையும் சொல்லிடுச்சு. கம்பெனி என்ன பண்ணுச்சு, மனு மேல மனு போட்டு இழுத்துது, 2011-ல கோர்ட்டே வெறுத்துப்போய் கூட்டு வட்டியோட கட்டுன்னு சொல்ற வரைக்கும் இழுத்துது. தீர்ப்பு ஜெயிச்சு 15 வருஷம் கழிச்சும் பேச்சு காசப் பத்திதான், அதுவரைக்கும் அந்தக் கிணறுங்க யார் கணக்குல இருந்துது?

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு சொல்றேன். அமெரிக்காவுல நயாகரா ஃபால்ஸ் ஊர்ல லவ் கேனால்னு ஒரு பழைய கால்வாய், அதுல ஹூக்கர் கெமிக்கல் கம்பெனி சுமார் 21,000 டன் ரசாயனக் கழிவப் பொதைச்சு மண்ணப் போட்டு மூடி 1953-ல அந்த நெலத்த ஸ்கூல் போர்டுக்கு ஒரே ஒரு டாலருக்கு வித்துட்டான், பின்னாடி என்ன ஆனாலும் நான் பொறுப்பில்லன்னு பத்திரத்துலயே எழுதி வாங்கிட்டான் (இந்த சாமர்த்தியத்துக்கு தனியா அவார்டு குடுக்கலாம்). அப்புறம் ஸ்கூலும் வீடுகளும் வந்து, 1978-ல அடித்தளத்துல எல்லாம் கழிவு கசிஞ்சு வெளிய தெரிஞ்சப்ப அரசாங்கம் கேஸு முடியட்டும்னு காத்திருக்கல, பொதுப் பணத்த எடுத்து ஜனங்கள வெளிய கொண்டாந்துச்சு, கசிவத் தடுக்குற வேலைய ஆரம்பிச்சுது. ஹூக்கர வாங்கியிருந்த ஆக்சிடென்டல் கம்பெனிகிட்டேருந்து 1994-ல மாநிலம் 98 மில்லியன் டாலர், 1995-ல மத்திய அரசு 129 மில்லியன் டாலர்னு பேசி முடிச்சாங்க. அங்கயும் பதினேழு வருஷம் ஆச்சு, ஆனா அந்தப் பதினேழு வருஷம் வேலை நின்னு கெடக்கல.

சீக்கிரம் பண்ணணும்னு ஏன் இவ்ளோ சொல்றேன்னா, ஈயம் மாதிரி சிலது பெரும்பாலும் மேல் மண்ணுலயே ஒட்டிக்கிட்டு நிக்கும், தோண்டி எடுத்துடலாம். மெஷின் பார்ட்ல இருக்குற கிரீஸ கழுவ ஊத்துற டிரைக்ளோரோஎத்திலீன் அப்படி இல்ல, தண்ணிய விட கனம், நிலத்தடி நீரையும் தாண்டி கீழ போய்த் தேங்கி, அங்கேருந்து கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு தண்ணி போற பக்கமெல்லாம் போகும், ஆவியா மேல ஏறி வீட்டுக்குள்ளயும் வரும். ஒரு மூலைல இருந்தப்பவே மண்ண அள்ளியிருந்தா முடிஞ்சிருக்கும், விட்டுட்டா வருஷக்கணக்கா பம்ப் போட்டு தண்ணிய எடுத்து சுத்தம் பண்ணிட்டே இருக்கணும். அதுக்கும் பில்லு கடைசில நம்ம தலைலதான் விழும்.

சரி, பணம் எங்கேருந்து வரும்? லவ் கேனாலுக்கு அப்புறம் 1980-ல அமெரிக்கா சூப்பர்ஃபண்டுன்னு ஒண்ணு ஆரம்பிச்சு பெட்ரோலியம், ரசாயனக் கம்பெனிங்க மேல தனி வரி போட்டுச்சு, எனக்குப் புடிச்சது இதுதான், ஓடிப்போனவனோட கடன அதே தொழில்ல சம்பாதிக்கிறவங்க சேந்து அடைக்கிறது. 1995 கடைசில அந்த வரிய காலாவதியாக விட்டாங்க, சேத்து வெச்சது கரைஞ்சு அப்புறம் செலவு சாதாரண வரி கட்டுறவன் மேல விழுந்துச்சு, 2021-ல சட்டம் போட்டு ரசாயன வரிய திரும்பக் கொண்டாந்தாங்க. அதே மாதிரி அங்க இன்னொரு ஏற்பாடு, அரசாங்கச் செலவுல சுத்தமாகி நெலத்தோட மதிப்பு ஏறுனா அந்த நெலத்து மேல அரசாங்கத்துக்கு ஒரு பாத்தியதை உண்டு. இது இல்லாம பொதுக்காச எறக்குனா நாம கழுவிக் குடுப்போம், ரியல் எஸ்டேட்காரன் பிளாட் போட்டு விப்பான், அதுக்கு நானும் சம்மதிக்க மாட்டேன்.

சுத்தம்ங்கறதுக்கு என்ன அர்த்தம்ங்கறதயும் பாக்கணும். போபால் ஃபேக்டரி வளாகத்துல கெடந்த 337 டன் கழிவ 2025 ஜனவரில லாரில ஏத்தி பீதாம்பூருக்குக் கொண்டுபோய் எரிச்சாங்க, விபத்து நடந்து 40 வருஷம் கழிச்சு. நல்லது, ஆனா அது மூட்டை கட்டி வெச்சிருந்த கழிவு, மண்ணுக்குள்ளயும் நிலத்தடி நீர்லயும் கலந்தது அப்படியேதான் இருக்கு.

2025 ஜூலைல மத்திய அரசு மாசுபட்ட இடங்களுக்குன்னே தனி விதிகள் கொண்டாந்திருக்கு, கெடுத்தவன் யாருன்னே தெரியலன்னா இல்ல அவன்கிட்ட வசதி இல்லன்னா மத்திய மாநில அரசுங்க செலவப் பாத்துக்கணும்னு அதுல இருக்கு. எனக்கு வேண்டியது இன்னும் ஒரு படி மேல, ஆளு தெரிஞ்சிருந்தும் கேஸு போட்டு இழுக்குற எடத்துலயும் அரசாங்கம் மொதல்ல காசப் போட்டு வேலைய ஆரம்பிக்கட்டும், வட்டியோட பின்னாடி வசூல் பண்ணட்டும். கூடவே மண்ணுல என்ன இருக்கு, எத்தன அடி ஆழம் வரைக்கும் இருக்குங்கற டெஸ்ட் ரிப்போர்ட்ட அந்தந்த எடத்து வாசல்லயே அங்க உள்ள ஜனங்க படிக்கிற பாஷைல போர்டு எழுதி வைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்க வாசகர் ஒருத்தர்