திரு.வி.க.வின் முற்றுப்புள்ளிகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

செப்டம்பர் 17 திரு.வி.க. என்கிற திரு.வி. கலியாணசுந்தரனார் நினைவு நாள். மறுநாள் உங்கள் நாளிதழில் நான்கு வரிச் செய்தி வந்திருந்தது. தமிழறிஞர், படம், மாலை, அவ்வளவுதான். அவர் பத்திரிகை ஆசிரியராக இருந்தார் என்பதை ஒரு பத்திரிகையே மறந்துவிட்டால் என்ன சொல்வது?

நான் முப்பது ஆண்டுகள் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து அச்சுக்கோத்தவன். 1970களில் ஒரு தொழிற்சங்க மலருக்காக அவருடைய பழைய தலையங்கம் ஒன்றைக் கோக்கக் கொடுத்தார்கள். பெரிய மனிதர் எழுத்து, வாக்கியம் அரைப் பக்கத்துக்கு ஓடும் என்று நினைத்து, எழுத்து அடுக்கும் ஸ்டிக்கைக் கையில் எடுத்தேன். ஓடவில்லை. மூன்று சொல், புள்ளி. ஐந்து சொல், புள்ளி. கோத்த வரிகளை வைக்கும் தட்டு இரண்டாவது நிறைவதற்குள், எழுத்துகள் இருக்கும் கேஸில் முற்றுப்புள்ளி அறை காலி! பக்கத்து கேஸில் கடன் வாங்கித்தான் முடித்தேன். மில் வாசலில் ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் நின்று கேட்பதற்குத் தோதான நடை அது.

வெஸ்லி பள்ளி ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு 1917இல் 'தேசபக்தன்' நாளிதழுக்கு வந்தவர் அவர். அரசியல் மேடையில் ஆங்கிலம் கோலோச்சிய காலத்தில் தமிழில் பேசினார், தமிழில் தலையங்கம் எழுதினார். 1918இல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது பி.பி. வாடியா அதன் தலைவர், இவர் துணைத் தலைவர்களில் ஒருவர். 1920இல் 'நவசக்தி'யைத் தொடங்கினார். கல்கி அங்கே துணையாசிரியராக இருந்தவர்தான்.

குறையே இல்லாதவர் என்று சொல்ல மாட்டேன். 1925 காஞ்சிபுரம் காங்கிரஸ் மாநாட்டில் தலைமை நாற்காலியில் இருந்துகொண்டு, சாதிவாரியாகப் பிரதிநிதித்துவம் கேட்ட வகுப்புவாரித் தீர்மானத்தைத் தள்ளினார். அதைக் கொண்டுவந்த பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். அந்த விஷயத்தில் எனக்கு இன்றும் அவர்மேல் வருத்தம் உண்டு.

என் அப்பா பெரம்பூர் பி அண்ட் சி (பக்கிங்காம் அண்ட் கர்நாடிக்) துணி மில்லில் நெசவுப் பிரிவு. 1947 வேலைநிறுத்தத்தின்போது காங்கிரஸ் ஆட்சியே திரு.வி.க.வை வீட்டுக்காவலில் வைத்தது. தான் வளர்த்த கட்சியின் ஆட்சி, வயதோ அறுபதுக்கு மேல். "ஐயாவையே அடைச்சுட்டாங்க" என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். பிற்காலத்தில் கண் பார்வை போனது. அப்போதும் விடவில்லை, படுத்தபடியே சொல்லச் சொல்லப் பிறரை எழுத வைத்தார். அப்படி வந்த ஒரு நூலுக்கு அவர் வைத்த பெயர் 'படுக்கைப் பிதற்றல்'. தன்னையே கிண்டல் செய்துகொள்ள எத்தனை ஆசிரியர்களுக்கு மனம் வரும்?

மில் 1996இல் மூடியாகிவிட்டது. அடையாற்றில் பாலத்துக்கும் எங்கள் பக்கம் ஒரு நகருக்கும் அவர் பெயர் இருக்கிறது. சரி, இருக்கட்டும். நான் கேட்பது வேறு. வாரம் ஒருநாள் உங்கள் நடுப்பக்கத்தில் 'தேசபக்தன்', 'நவசக்தி' தலையங்கங்களில் ஒன்றை அப்படியே போடுங்கள். மேற்கோளாக இரண்டு வரி வேண்டாம், முழுதாக. புள்ளி தீர்ந்துபோகும் கவலை இப்போது உங்களுக்கு இல்லையே.

ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர்,
ஓட்டேரி, சென்னை