படத்தில் இருப்பவர் பெயரையும் கேட்டுப் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் வாசகர் புகைப்படப் பக்கத்தை விடாமல் பார்க்கிறவள் நான். சென்ற வாரமும் அதில் சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகம் வந்திருந்தது. கூடை சுமக்கும் ஒரு பெண்ணின் முகம் பாதிப் பக்கத்துக்கு. கீழே படம் எடுத்தவர் பெயர், ஊர், கேமரா மாடல் வரை இருக்கிறது, படத்தில் இருக்கிறவர் மட்டும் வெறும் 'மீனவப் பெண்'. அதே இதழில் ஒரு கடைத் திறப்பு விழாப் படத்துக்கு, ஓரமாக எட்டிப் பார்த்தவர் வரைக்கும் 'இடமிருந்து வலம்' என்று பெயர் போட்டிருக்கிறீர்கள். ஏன் இப்படி என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் ராயபுரத்துக்காரி. என் அத்தை காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்கிறார். ஞாயிறு விடியற்காலையில் விசைப்படகிலிருந்து மீன் இறங்கும்போது அங்கே கேமராவோடு ஒரு கூட்டமே நிற்கும். அவர்கள் வருவதில் எனக்குக் கோபம் கிடையாது. முன்னாலேயே "எடுக்கலாமா" என்று கேட்டால் அத்தை முந்தானையைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக நின்றுவிடுவார், அப்புறம் அது படமாகவே இருக்காது. ஏலத்தில் குரலோடு சேர்ந்து அவர் கை போகிற வேகமும், நண்டு கவ்விய விரலை வாயில் வைத்துக்கொண்டே மறு கையால் ஈர நோட்டை உதறுவதும் சொல்லாமல் எடுத்தால்தான் கிடைக்கும். எடுக்கட்டும். எடுத்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பதில்தான் எனக்கு வருத்தம்.

அத்தையின் படம் ஒரு கண்காட்சியில் ஆள் உயரத்துக்குத் தொங்கியது. தெரிந்தவர் ஒருவர் போனில் அனுப்பிய பிறகுதான் எங்களுக்கே தெரியும். தலைப்பு 'வறுமையின் முகம்'. கந்துவட்டிக்கு வாங்கி ஏலம் எடுத்து, கடனை அடைத்து, இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்து, மாடி வீடும் கட்டியவர் அவர். அந்த முகத்தில் இருந்தது நடு ராத்திரியில் எழுந்து வந்து நிற்கிறவரின் களைப்பு. "என்னாண்ட வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?" என்றார், அவ்வளவுதான். எனக்குத்தான் ஆறவில்லை.

பொது இடம்தானே, சட்டப்படி தப்பில்லையே என்பார்கள். பொது இடத்தில் யாரையும் படம் எடுக்கவே கூடாது என்று சட்டம் இல்லை, சரி. ஆனால் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்ன அதே தீர்ப்பில், பொது இடத்துக்கு வந்துவிட்டதாலேயே ஒருவர் அந்த உரிமையை இழந்துவிடுவதில்லை என்றும் இருக்கிறது.

பெயர் கேட்காமல் போவது இங்கே மட்டும் நடக்கிற விஷயமும் இல்லை. 1936இல் கலிபோர்னியாவின் நிபோமோவில், பட்டாணி பறிக்கவந்த கூலிகளின் முகாமில் டோரதியா லாங்கே என்ற புகைப்படக்காரர் எடுத்த ஒரு தாயின் படம் உலகம் முழுக்கப் போனது. அவள் பெயரையோ கதையையோ தான் கேட்கவில்லை என்று லாங்கேயே பின்னால் எழுதினார். ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற அந்தப் பெயர் வெளியே வர 1978 ஆகிவிட்டது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசுகூட வரவில்லை, அதை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று அந்தம்மா சொன்னார். நாற்பது வருஷத்துக்கு மேல் அவர் முகம் எல்லாருக்கும் தெரியும், அவரை யாருக்கும் தெரியாது.

இத்தனைக்கும் கேட்பது ஒன்றும் கஷ்டமில்லை. ஏலம் முடிந்ததும் எல்லாரும் டீ குடிக்க உட்காருவார்கள். அப்போது போய் கேமரா திரையைத் திருப்பிக் காட்டினால் போதும். சிரிப்பார்கள், பக்கத்தில் இருப்பவரையும் கூப்பிட்டுக் காட்டுவார்கள். "இத போடாத" என்று யாராவது சொன்னால் அழித்துவிட வேண்டும், பேரம் பேசக் கூடாது. ஒரு தம்பி வருவார், எடுத்ததைப் பிரிண்ட் போட்டு அடுத்த முறை கொண்டுவந்து கொடுப்பார். அத்தை அதை ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் கவரிலேயே சேர்த்து வைத்திருக்கிறார். அந்தத் தம்பி எவ்வளவு கிட்டே வந்து எடுத்தாலும் இப்போது யாரும் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை, அதனால் படமும் அவருக்குத்தான் நன்றாக அமைகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும், கேமராக்காரர்கள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பிரிண்ட் கொடுக்க வருகிறவர்கள் அப்போது வரலாம், உட்கார்ந்து பேச நேரமும் இருக்கும்.

உங்களிடம் கேட்பது இதுதான். படம் அனுப்புகிறவர்கள் கேமரா விவரத்தோடு, முகம் தெளிவாகத் தெரிகிறவரின் பெயரையும், அவரிடம் படத்தைக் காட்டிச் சம்மதம் வாங்கியதையும் எழுத வேண்டும் என்று ஒரு விதி போடுங்கள். பெயர் வேண்டாம் என்று அவரே சொன்னால் போட வேண்டாம். குழந்தை என்றால் பெற்றவர்களிடம் கேட்கட்டும். திருவிழாக் கூட்டத்துக்கும் முகம் தெரியாத நிழலுக்கும் இதெல்லாம் தேவையில்லை. நடைபாதையில் தூங்குகிறவர், ஆற்றில் குளிக்கிறவர், மனநிலை சரியில்லாமல் திரிகிறவர் படங்களை மட்டும் எவ்வளவு அழகாக இருந்தாலும் பரிசுக்கு எடுக்காதீர்கள். அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே இந்த விதியை அச்சிட்டால் சந்தோஷப்படுவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ராயபுரம், சென்னை