பிரஷர் மாத்திரைக்கு முன்னால் ஒரு கேள்வி

மும்பை மருத்துவமனைகளின் அறுவை சிகிச்சை வார்டுகளைப் பார்த்துக்கொள்ளும் டாக்டர்களுக்கும் சிஸ்டர்களுக்கும்,

வணக்கம். போன மாதம் என் அம்மாவுக்கு வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை நடந்தது. வயது 67. திருநெல்வேலிப் பக்கமிருந்து தாராவிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து 45 வருடம் ஆகியும் அம்மாவின் இந்தி காய்கறிக் கடையோடு நின்றுவிடும். 12 வருடமாகப் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார்.

முதுகில் போட்ட மயக்க ஊசியின் வேகம் இரவு 8 மணிவாக்கில் விட்டது. ஒன்பதரைக்குப் பிரஷர் 184/102. சிஸ்டர் குனிந்து, "தர்த் ஹை க்யா, மாஜி?" என்று, அதாவது வலிக்கிறதா அம்மா என்று, அன்பாகத்தான் கேட்டிருக்கிறார். அம்மா "தோடா, தோடா" என்று, அதாவது கொஞ்சம் கொஞ்சம் என்று, சொல்லியிருக்கிறார். உடனே பிரஷருக்கு ஒரு மாத்திரை. ஒரு மணி நேரத்தில் 180. இன்னொரு மாத்திரை.

வார்டில் இரவு துணைக்கு ஆள் இருக்கக் கூடாது. வெளியே பெஞ்சில் இருந்த நான், வாங்கிவரச் சொன்ன மருந்தைக் கொடுக்க 11 மணிக்கு உள்ளே போனேன். அம்மாவின் இடது கை கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது. விரல் மூட்டுகள் வெளுத்திருந்தன. போர்வை நுனி பல்லுக்கிடையில். "எப்படிம்மா வலிக்குது?" என்றேன்.

"கடுக்குதுடி. உள்ளுக்குள்ள விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. உயிர் போகுது."

"ஏன் சொல்லல?"

"அந்தப் புள்ள ஒத்தையில கெடந்து ஓடுது, பாவம்."

டியூட்டி டாக்டரிடம் ஓடினேன். அவர் உடனே வந்தார், டிரிப்பில் வலிமருந்து ஏற்றினார். 40 நிமிடத்தில் பிரஷர் 146. ஆனால் கதை அங்கே முடியவில்லை. வலி இறங்கிய பிறகுதான் முன்பு கொடுத்த இரண்டு மாத்திரைகளும் வேலை காட்டின. விடியற்காலை 4 மணிக்கு 94/60. அம்மாவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. காலைத் தூக்கி வைத்து, டிரிப்பை வேகமாக்கி, விடியும்வரை எல்லாரும் பதறினோம்.

வலி வந்தால் அட்ரினலின் சுரக்கும், ரத்தக் குழாய் சுருங்கும், இதயம் வேகமாக அடிக்கும், பிரஷர் ஏறும். இதை நான் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மூத்திரப்பை நிரம்பினாலும், குளிரில் நடுங்கினாலும், அறுவையன்று காலை வழக்கமான மாத்திரையை நிறுத்தி வைத்திருந்தாலும் ஏறும். எல்லாமே வலிதான் என்று நான் வாதாடவில்லை. ஏறிய பிரஷரால் தையலில் ரத்தம் கசியலாம், இதயத்துக்கும் பாரம், அதனால் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் காரணத்தைத் தேடாமல் எண்ணை மட்டும் குறைத்தால், வலி அப்படியே உள்ளே கிடக்கும், மேலே பிரஷர் எழுதும் ஷீட் மட்டும் ஒழுங்காகத் தெரியும்.

அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன். பிரஷர் ஏறியிருந்தால், மாத்திரைக்கு முன்னால் வலியைக் கேளுங்கள், அதை நோயாளியின் பாஷையில் கேளுங்கள். 0 முதல் 10 வரை ஒரு எண் சொல்லச் சொல்கிறீர்கள். வலிக்கு மார்க் போட எங்கள் அம்மாக்களுக்குத் தெரியாது. குத்துது, எரியுது, கடுக்குது, சுரீர்னு இழுக்குது என்றுதான் சொல்வார்கள். அசையாமல் படுத்திருக்கும்போது மட்டும் கேட்டுவிட்டுப் போகாதீர்கள். இருமச் சொல்லி, காலை மடக்கச் சொல்லிக் கேளுங்கள். வார்டில் தமிழ் தெரிந்தவர் யாருமே இல்லையென்றால், வெளியே பெஞ்சில் இருக்கும் எங்களை இரண்டு நிமிடம் உள்ளே கூப்பிடுங்கள். அந்த ஒரு இரவுக்காவது விதியைத் தளர்த்துங்கள்.

அப்புறம், டிஸ்சார்ஜ் சீட்டு. வலிக்கு டைக்ளோஃபெனாக் எழுதினால், அது பிரஷரை ஏற்றக்கூடும் என்பதையும், டெல்மிசார்ட்டான் என்கிற பிரஷர் மாத்திரையோடும், சிறுநீரை அதிகம் போக வைக்கும் நீர் மாத்திரையோடும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குக் கெடுதல் வரலாம் என்பதையும் வாய் திறந்து சொல்லுங்கள். எத்தனை நாளைக்கு என்று எழுதுங்கள். எங்கள் தெரு மெடிக்கலில் பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் அதையே வாங்கிச் சாப்பிடுகிறவர்களை எனக்குத் தெரியும்.

தமிழில் வலிக்கு உள்ள 14 சொற்களை எழுதி, பக்கத்திலேயே இந்தியிலும் மராத்தியிலும் பொருள் போட்டு ஒரு தாள் தயாரித்திருக்கிறேன். தாராவி, மாட்டுங்கா, சயான், செம்பூர், எந்த வார்டு கேட்டாலும் அச்சடித்து நானே கொண்டுவந்து தருகிறேன். சிஸ்டர்கள் உட்காரும் மேஜைக்கு மேலே ஒட்ட இடம் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
தாராவியிலிருந்து ஒரு மகள்