மகளுக்கு: காரின் இருக்கைத் தோல் குறித்து

ஆம்பூர்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். பேரனுக்குச் சளி குறைந்துவிட்டது என்று உன் அம்மா சொன்னாள். மனம் நிம்மதி அடைந்தது.

மியூனிக்கில் நீங்கள் பதிவு செய்யவிருக்கும் பி.எம்.டபிள்யூ காரின் இருக்கைகளுக்கு எந்த உறையைக் கேட்பது என்று எழுதியிருந்தாய். வெகான்சா, வெர்னாஸ்கா, மெரினோ என்று நீ அனுப்பிய மூன்று பெயர்களையும் விலை வித்தியாசத்தையும் பார்த்தேன். ஒரு வரியில் பதில் போதும் என்றாய். ஒரு வரியில் சொன்னால் வெர்னாஸ்காவை எடு என்பேன். ஆனால் காரணம் தெரியாமல் அப்பா சொன்னார் என்பதற்காக மட்டும் நீ அதை எடுக்கக் கூடாது. தோல் பதனிடும் ஆலையின் பினிஷிங் பிரிவிலேயே, அதாவது தோலுக்குக் கடைசியாகப் பூச்சேற்றி மெருகேற்றும் பிரிவிலேயே, வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த நான், எனக்குத் தெரிந்ததை உனக்கு முழுமையாகச் சொல்லிவிட விரும்புகிறேன்.

காரில் உட்காரும்போது உன் கை தொடுவது பெரும்பாலும் தோலை அன்று, தோலின் மேல் ஏற்றப்பட்ட பூச்சைத்தான். மாட்டுத் தோல் ஆலைக்கு வரும்போது பல மில்லிமீட்டர் கனம் இருக்கும். அதை இயந்திரத்தில் கொடுத்து இரண்டு அடுக்காகப் பிளந்து, மயிர் இருந்த மேல் அடுக்கைச் சுமார் 1 முதல் 1.4 மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவிக் கார் இருக்கைக்கு எடுத்துக்கொள்வார்கள். மாடு உயிரோடு இருந்தபோது வேலியில் கிழித்த கீறல், உண்ணி கடித்த வடு, சூடு போட்ட குறி எல்லாம் அந்த மேல்பரப்பில் அப்படியே இருக்கும். வடு அதிகமான தோலை உப்புத்தாள் உருளையில் கொடுத்து மேல்பரப்பை மெல்லத் தேய்த்தெடுப்பார்கள். அதைத்தான் நாங்கள் பஃபிங் என்போம். பிறகு நிறமிகள் கலந்த அடிப்பூச்சு, அதன் மேல் சூடான அச்சுத் தகட்டால் அழுத்திய செயற்கை ரேகை, எல்லாவற்றுக்கும் மேலே பாலியூரித்தேன் என்னும் பிளாஸ்டிக் வகை மேற்பூச்சு என்று அடுக்கடுக்காக ஏற்றுவார்கள். வடு இல்லாத தோலாக இருந்தால் தேய்க்கவே மாட்டார்கள். இயற்கை ரேகை தெரியும்படி மெல்லிய பூச்சோடு நிறுத்திவிடுவார்கள். அத்தகைய தோல் நூற்றில் சிலவே கிடைக்கும் என்பதால்தான் விலை ஏறுகிறது. தெற்கு ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் வளரும் மாடுகளின் தோலுக்குக் கார் ஆலைகளில் தனி மதிப்பு இருப்பதற்கும் இதுதான் காரணம்: குளிர் நாட்டில் பூச்சிக்கடி குறைவு, மாட்டின் உடலும் பெரிது. நம் ஊர்த் தோல்கள் அளவில் சிறியவை, வெயிலின் வடுக்களைச் சுமந்து வருபவை. அதனால்தான் ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் காலணியிலும் கைப்பையிலும் பெயர் பெற்றன.

எனவே நீ அதிக விலையாகக் கொடுப்பது அரிதான தோலுக்கும் மென்மைக்கும்தான். அதிக நாள் உழைக்கும் என்பதற்காக அந்த விலை இல்லை. கடைகளில் இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசிவிடுவார்கள்.

மெரினோ மூன்றிலும் மிக மென்மையானது. பூச்சு குறைவு, ரேகை இயற்கையானது, கை வைத்தவுடன் தோலின் இளக்கம் தெரியும். தொழில் தெரிந்தவன் என்ற முறையில் அதைத் தொட்டால் எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் பூச்சு குறைந்தால் காப்பும் குறையும் என்பதை நீ மறக்கக் கூடாது. கையின் எண்ணெய்ப் பிசுக்கு, சன்ஸ்கிரீன், சிந்திய பால் ஆகியவை இதில் கறையாகத் தங்க வாய்ப்பு அதிகம். நகக் கீறலும் தெரியும். இரண்டு பேர் மட்டும் நெடுஞ்சாலையில் நிதானமாகப் பயணம் செய்யும் காருக்கு அது பொருந்தும். மூன்று வயதுக் குழந்தை ஏறி இறங்கும் காருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

வெர்னாஸ்காவும் உண்மையான மாட்டுத் தோல்தான். அதன் ரேகை அச்சிட்டது, பூச்சு கூடுதல், தொடுவதற்குச் சற்றே இறுக்கமாக இருக்கும். ஆலையில் கார்த் தோலைச் சோதிக்கும்போது வெஸ்லிக் என்னும் கருவியில் ஈரக் கம்பளித் துண்டால் மீண்டும் மீண்டும் தேய்த்து நிறம் கழல்கிறதா என்று பார்ப்போம். பாலி ஃப்ளெக்ஸோமீட்டர் என்னும் மடக்கும் கருவியில் பல்லாயிரம் முறை மடக்கிப் பூச்சு வெடிக்கிறதா என்று பார்ப்போம். பூச்சு நன்றாக ஏறிய தோலே இந்தச் சோதனைகளில் நிமிர்ந்து நிற்கும். இருக்கையில் முதலில் தேய்வது ஓட்டுநர் இருக்கையின் கதவோரப் புடைப்பு. ஒவ்வொரு முறை ஏறும்போதும் இறங்கும்போதும் தொடையும் இடுப்பும் அதன் மேல் உராய்கின்றன. அந்த இடத்தில் வெர்னாஸ்கா போன்ற தோல் மெரினோவைவிட நீண்ட நாள் தாங்கும் என்பது என் கணிப்பு.

வெகான்சா தோல் அன்று. துணியின் மேல் பிளாஸ்டிக் வகைப் பாலிமர் பூசிச் செய்த செயற்கைப் பொருள். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. நாம் ஒரு காலத்தில் ரெக்சின் என்று சொல்லி ஒதுக்கிய பொருளுக்கும் இன்றைய செயற்கை உறைகளுக்கும் பெரிய தூரம் இருக்கிறது. ஜெர்மனியில் ஓயாமல் ஓடும் டாக்சிகளிலேயே செயற்கை உறைகள் ஆண்டுக்கணக்கில் உழைப்பதை நீ பார்த்திருப்பாய். ஆனால் மலிவான பி.வி.சி. உறையில் அதை இளக்கி வைத்திருக்கும் எண்ணெய் போன்ற பொருள் வெயிலில் மெல்ல ஆவியாகி, உறை விறைத்து வெடிக்கும். அந்த ஆவியே முன்கண்ணாடியின் உட்புறத்தில் மங்கலாகப் படியும். அதை அளக்கவே டி.ஐ.என். 75201 என்ற ஜெர்மன் தரநிலைச் சோதனை இருக்கிறது. தரம் குறைந்த பாலியூரித்தேன் உறையோ சூடும் ஈரமும் சேர்ந்த ஊரில் செதில் செதிலாக உரியும். பெரிய நிறுவனங்கள் சோதித்து எடுக்கும் உறைகளில் இந்த ஆபத்து குறைவு. ஆனால் தோலைப் போல ஈரத்தை வாங்கி வெளியே விடும் குணம் செயற்கை உறைக்குக் குறைவு என்பதால், கோடையில் நீண்ட பயணத்தில் முதுகு வேர்க்கும்.

விலங்கின் தோல் வேண்டாம் என்று நீயும் மாப்பிள்ளையும் மனத்தால் தீர்மானித்தால், வெகான்சாவைத் தயங்காமல் எடுங்கள். அது உங்கள் நெறி, நான் குறுக்கே நிற்க மாட்டேன். வால்வோ நிறுவனம் 2021-இலேயே தன் முழு மின்சாரக் கார்களில் தோல் இருக்காது என்று அறிவித்தது. ஆனால் சுற்றுச்சூழலுக்காக என்று சொன்னால் கணக்கை முழுவதும் பார்க்க வேண்டும். மாட்டுத் தோல் பாலுக்கும் இறைச்சிக்கும் வளர்த்த மாட்டிலிருந்து மிஞ்சுவது; செயற்கை உறையின் மூலப்பொருள் பெரும்பாலும் பெட்ரோலியம்.

தோல் தொழிலின் குற்றத்தையும் உன்னிடம் நான் மறைக்கக் கூடாது. பாலாற்றங்கரையில் பிறந்த உனக்கு அது புதிதன்று. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்துபவரே ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது நம் பகுதித் தோல் ஆலைகளின் கழிவுநீரைக் கண்டுதான். குரோம் உப்புகளைக் கொண்டு தோலைப் பதனிடும்போது பயன்படும் மூன்றாம் நிலைக் குரோமியமும் நச்சு மிகுந்த ஆறாம் நிலைக் குரோமியமும் ஒன்றல்ல; ஆனால் செய்முறையில் கவனம் தவறினால் முன்னது பின்னதாக மாறக்கூடும். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 மே முதல், உடலில் படும் தோல் பொருள்களில் ஆறாம் நிலைக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குமேல் இருக்கக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். கார்த் தோலில் குரோமே சேராமல் குளுட்டரால்டிஹைடு என்னும் வேதிப்பொருள் கொண்டு பதனிடும் முறையும் பரவலாக இருக்கிறது. அப்படிப் பதனிட்ட தோல் வெயிலின் உலர்ந்த சூட்டில் குறைவாகச் சுருங்கும் என்பதால் டாஷ்போர்டுக்கு அதையே விரும்புவார்கள். 2013-இல் வந்த பி.எம்.டபிள்யூ ஐ3 காரில் ஆலிவ் இலைச் சாற்றால் பதனிட்ட தோலைக் கொடுத்தார்கள் என்று படித்தபோது, ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட உன் தாத்தா காலத்துத் தொட்டிகள் என் நினைவுக்கு வந்தன, மனம் பெருமைப்பட்டது. விற்பனையாளரிடம் “இந்தத் தோல் குரோம் சேர்த்ததா, சேராததா?” என்று கேள். அவருக்குத் தெரியாவிட்டால் நிறுவனத்திடம் கேட்டுச் சொல்லச் சொல்.

இன்னொன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கு. தோல் இருக்கை என்று சொல்லும் கார்களில் பெரும்பாலும் உடல் படும் முகப்பு மட்டுமே தோலாக இருக்கும். பக்கவாட்டும், இருக்கையின் பின்புறமும், கதவின் உட்பகுதியும் அதே நிறத்துச் செயற்கை உறையாக இருக்கும். அது தவறன்று, குழந்தை காலால் உதைக்கும் பின்புறத்துக்கு அதுவே நல்லது. ஆனால் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். ஐரோப்பியத் தரவரையறையின்படி மேற்பூச்சு 0.15 மில்லிமீட்டருக்குமேல் போனால் அதை வெறுமனே தோல் என்று சொல்லக் கூடாது, பூச்சேற்றிய தோல் என்றே சொல்ல வேண்டும்.

நிறத்தில் நீ விரும்பும் ஆய்ஸ்டர் வெள்ளை கண்ணுக்கு அழகுதான். ஆனால் புது ஜீன்ஸின் நீலச் சாயம் வெளிர் நிறத் தோலில் ஒட்டிக்கொண்டால் எளிதில் போகாது. உங்கள் ஊரில் அந்த உடைதான் அன்றாடம். முழுக் கறுப்பு ஜூலை வெயிலில் சுடும், தூசியையும் காட்டும். காக்னாக் பழுப்பை எடு. பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் சேறும் காலணியோடு ஏறினாலும் அந்த நிறம் தாங்கிக்கொள்ளும். இருக்கையில் துளையிட்ட தோல், காற்றோட்ட விசிறி இருந்தால் மட்டுமே பயன் தரும். இல்லாவிட்டால் பேரனின் பிஸ்கட் தூள் அந்தத் துளைகளில் போய் அடைந்துகொள்ளும், ஈரத் துணியால் அழுத்தித் துடைக்கவும் முடியாது. அந்தப் பணத்தை இருக்கைச் சூடாக்கிக்குக் கொடு, ஜனவரியில் தோல் இருக்கை பனிக்கட்டியாக இருக்கும். பின் இருக்கையில் குழந்தை ஆசனத்துக்குக் கீழே தடித்த விரிப்பு ஒன்று போட்டுவிடு. அந்த ஆசனத்தின் அடிப்பகுதி மாதக்கணக்கில் அழுத்தினால் எந்த உறையிலும் பள்ளம் விழும்.

மாதிரி அட்டையில் ஒட்டிய உள்ளங்கை அளவுத் துண்டைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம். விற்பனையகத்தில் பழைய கார்களை நிறுத்தியிருக்கும் பகுதிக்குப் போய், மூன்று நான்கு ஆண்டுகள் ஓடிய கார்களில் இந்த மூன்று உறைகளும் எப்படி இருக்கின்றன என்று பார். ஓட்டுநர் பக்கத்துப் புடைப்பில் நிறம் தேய்ந்திருக்கிறதா, மடிப்புகளில் பூச்சு வெடித்திருக்கிறதா என்று கவனி. கட்டை விரலால் அழுத்து. நல்ல தோலில் விரலைச் சுற்றி நுண்சுருக்கங்கள் பரவி, விரலை எடுத்ததும் மறையும். பரு போலத் தடித்த சுருக்கம் தங்கினால் மேல் அடுக்கு தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

பராமரிப்புக்கு அதிகம் வேண்டாம். மென்மையான சோப்புத் தண்ணீரில் நன்கு பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றினால் போதும். தோல் சற்று அமிலத் தன்மை உடையது. காரம் மிகுந்த துப்புரவுத் திரவங்கள் அதைக் கெடுக்கும். உன் அம்மா சொல்லும் தேங்காய் எண்ணெயை அதில் தடவாதே. பூச்சேறிய தோல் எண்ணெயை உறிஞ்சாது, அழுக்கைத்தான் சேர்க்கும்.

பழைய கார்களைப் பார்த்தபின் அந்தப் புடைப்புகளைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து எனக்கு அனுப்பு. நான் பார்த்துப் பதில் எழுதும்வரை ஆர்டரில் கையெழுத்திட வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா