அரைப் பக்கத்தில் அடங்காத நன்றி

அன்புடையீர்,

தான்சானியாவின் கிராம நிலச் சட்டம் பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வேடு சென்ற மாதம் ஏற்கப்பட்டது. அதில் நன்றியுரைக்கு அரைப் பக்கம்தான் ஒதுக்கியிருந்தார்கள். பேராசிரியர்களையும் நிதி தந்தவர்களையும் சொல்லி முடிப்பதற்குள் இடம் தீர்ந்துவிட்டது. விடுபட்டவர்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் தெரியாது. இருந்தாலும் என் மொழியில் ஒருமுறை மனம் நிறையச் சொல்லிவிட ஆசை.

முதல் நன்றி, ஷின்யாங்கா பகுதியில் எனக்கு மொழிபெயர்ப்பாளராக வந்த பள்ளி ஆசிரியைக்கு. என் வினாத்தாளின் முதல் கேள்வி, "இந்த நிலத்தின் சொந்தக்காரர் யார்?" அவர் அதை மொழிபெயர்க்க மறுத்துவிட்டார். "இந்நாட்டு நிலம் முழுவதும் பொது நிலம் என்கிறது சட்டம். மக்கள் சார்பில் ஜனாதிபதி அதற்குப் பொறுப்பாளர். எங்களுக்கு இருப்பது அனுபவ உரிமை. சட்டம் தெரிந்தவர் அரசாங்கம் என்பார், தெரியாதவர் என் தாத்தா என்பார். இரண்டையும் எழுதிக்கொண்டு என்ன செய்வீர்கள்?" என்றார். பிறகு வேறொரு கேள்வியை அவரே சொல்லிக்கொடுத்தார்: "இங்கே ஒரு மாமரம் நட வேண்டுமானால் யாரைக் கேட்க வேண்டும்?"

இரவல் வாங்கிய நிலத்தில் சோளம் விதைக்கலாம். மரம் நட்டால் உரிமை கொண்டாடுவதாக அர்த்தம். அதனால் அந்தக் கேள்விக்கு யாரும் யோசிக்காமல் பதில் சொல்லவில்லை. "அண்ணனை", "மாமியாரை", "கிராமத் தலைவரை" என்று வந்த பதில்களிலிருந்துதான் என் மூன்று அத்தியாயங்கள் பிறந்தன. பழைய வினாத்தாளை நானே கிழித்துப் போட்டேன்.

தாரெஸ்ஸலாமில் ஒரு நூலகத்தில் பழைய அறிக்கைகளைப் பார்த்துக்கொள்ளும் பெரியவருக்கு அடுத்த நன்றி. 1991இல் அரசு நியமித்த நில விசாரணைக் குழுவுக்குச் சட்டப் பேராசிரியர் இஸ்ஸா ஷிவ்ஜி தலைவர். நிலத்தையெல்லாம் ஆளுநரின் கைக்குக் கொண்டுபோனது 1923ஆம் ஆண்டின் காலனியச் சட்டம். விடுதலைக்குப் பின் ஆளுநர் இருந்த இடத்தில் ஜனாதிபதி வந்தார், அவ்வளவுதான். அந்த அடிப்படை உரிமையை ஜனாதிபதியிடமிருந்து எடுத்து, கிராம நிலத்தைக் கிராம சபையிடமே விட்டுவிடுங்கள் என்றது குழு. அரசு அதை ஏற்கவில்லை. 1999இல் வந்த சட்டங்களும் ஜனாதிபதியை அதே இடத்தில்தான் வைத்திருக்கின்றன. எனக்கு இது இன்றும் ஆறாத ஏமாற்றம். பெரியவர் அந்தக் குழு அறிக்கையின் இரு தொகுதிகளையும் மேசையில் வைத்துவிட்டு, "முதலாவதை எல்லோரும் கேட்கிறார்கள். வழக்குகள் இருப்பது இரண்டாவதில். மனிதர்களை அங்கே பாருங்கள்" என்றார். பார்த்தேன்.

ஹோலாரியா பாஸ்டரி என்ற பெண்ணின் வழக்கில் வந்த தீர்ப்பை என் நெறியாளர் வரி விடாமல் படிக்கவைத்தார். தந்தையின் உயிலால் வந்த குல நிலத்தை முதுமையில் விற்ற பெண். விற்கப் பெண்ணுக்கு உரிமை இல்லை என்று உடன்பிறந்தவரின் மகன் தொடுத்த வழக்கு. அந்தப் பாகுபாடு செல்லாது என்று 1990இல் முவான்சா உயர் நீதிமன்றத்தில் நீதிபதி முவாலுசான்யா தீர்ப்பளித்தார். சுருக்கத்தைப் படித்துவிட்டுத் தப்பிக்க இருந்தேன், விடவில்லை அவர்.

ஓட்டுநர், தங்க இடம் தந்த குடும்பம், ஒரு அலுவலகம் தொலைத்துவிட்ட என் அனுமதிக் கோப்பை ஏழு வாரம் கழித்து வேறொரு காகிதக் கட்டிலிருந்து உருவிக் கொடுத்த கடைநிலை ஊழியர், எல்லோருக்கும் நன்றி.

கடைசியாக, கிராம நில மன்ற உறுப்பினரான அந்த மாமா. அங்கே அம்மா வயதுப் பெண்களை அப்படித்தான் அழைக்கிறார்கள். மன்றத்தில் ஏழு பேர். மூவர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். "ஷிகமூ" என்று வணங்கினால் "மரஹபா" என்று பதில் சொல்லிவிட்டு, உடனே வேலை கொடுப்பார். தன் நிலத்தின் எல்லையை நடந்தே காட்டினார். வரப்புக்குப் பதில் வேலி, வேலி முழுக்கத் திருகுகள்ளி. மின்யா என்கிறார்கள். ஊரில் பார்த்த செடிதானே என்று ஒரு கிளையை ஒடிக்கப் போனேன். "பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும், அதோடு எல்லையை ஒடித்தாய் என்று உன்மேலேயே வழக்கு வரும்" என்று கையைத் தட்டிவிட்டார். பிறகு மாவு டப்பாவிலிருந்து பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஹாத்தியை, அதாவது வழக்காற்று உரிமைச் சான்றிதழை, எடுத்துக் காட்டினார். கணவர் படத்துக்குப் பக்கத்தில் அவர் படமும் இருந்தது.

இரண்டாம் முறை போனபோது மன்றத்தைப் பற்றிய அத்தியாயத்தைச் சுவாஹிலியில் வாசித்துக் காட்டினோம். "மன்றம் தீர்ப்பு வழங்குகிறது" என்ற வரியில் கையை உயர்த்தி நிறுத்தினார். "தீர்ப்பு நீதிமன்றத்தில். நாங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சமாதானம் பேசுகிறோம். ஒத்துவராவிட்டால் மேலே போகட்டும்." சட்டத்திலும் அப்படித்தான் இருக்கிறது, நான்தான் கவனக்குறைவாக எழுதியிருந்தேன். தேர்வாளர்கள் எவர் கண்ணிலும் படாத பிழை. அன்றிரவே அந்த வரியை அடித்துவிட்டு, அவர் சொன்னபடி எழுதினேன்.