பழைய பெயிண்ட் சுரண்டும் வேலை – கவனிக்கவும்
வணக்கம். திங்கள் முதல் படிக்கட்டுச் சுவர், கிரில்களில் பழைய பெயிண்டைச் சுரண்டுகிறார்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது; நம் கட்டடம் அதற்கும் மூத்தது.

ஈயம் கால்சியம் போல வேஷம் போட்டு மூளைக்குள் நுழைந்துவிடும். குழந்தைகளுக்குக் கவனமும் படிப்பும் அடிவாங்கும், பல சமயம் வெளியே அறிகுறியே தெரியாது, போனது திரும்பவும் திரும்பாது. அதனால் தூசி பறக்காமல் நனைத்துத்தான் தேய்க்கச் சொல்லியிருக்கிறோம். கர்ப்பிணிகள், குழந்தைகள் அந்தப் பக்கம் வர வேண்டாம். வாசலைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

அப்புறம், ரசம் வைக்கும் ஈயச் சொம்பு பற்றிச் சிலர் கேட்டார்கள்: அது வெள்ளீயம், வேறு உலோகம். ஆனால் காரீயம் (மேலே சொன்ன ஈயம்) கலந்ததும் விற்பனைக்கு வருகிறது. சந்தேகமானது அலமாரியிலேயே இருக்கட்டும்.