641-இல் விழுந்த எண்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் புரோகிராமில் எண்ணிக்கை 4294967295-ஐத் தொட்டதும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடுகிறது என்று போனில் அலுத்துக்கொண்டாயே, அந்தப் புரோகிராம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த எண்ணுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும் 4294967297 எனக்குப் பழக்கமானது. 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் வரும். நம் கணக்கில் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297.

பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா 1640 வாக்கில் 3, 5, 17, 257, 65537 என்ற வரிசையைப் பார்த்தார். 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய், கூட ஒன்று சேர்த்தால் இவை வரும். ஐந்தும் பகா எண்கள். மேலே வருபவையும் அப்படித்தான் என்று நம்பினார், நிரூபணம் கையில் இல்லாமலே. அவ்வளவு பெரிய மனிதருக்கு ஐந்து உதாரணம் போதுமாக இருந்தது என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

1732-இல் ஆய்லர் என்ற சுவிஸ் கணித மேதை அடுத்த எண்ணை, அதாவது நம் 4294967297-ஐ, உடைத்தார்: 641 × 6700417. பெருக்கிப் பார், சரியாக வரும்.

கண்ணை மூடிக்கொண்டு வகுத்தால் அதன் வர்க்கமூலம் வரை, அதாவது 65536 வரைக்கும் 6542 பகா எண்களைச் சோதிக்க வேண்டும். ஆய்லர் பின்னாளில் காட்டிய வழியில், இந்த எண்ணின் எந்தப் பகாக் காரணியையும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தாவதிலேயே மாட்டிக்கொண்டது! 1878-இல் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதர் அதை இன்னும் இறுக்கி, 128-ஆல் வகுத்தாலும் மீதி 1 என்றார். அப்போது மிஞ்சுவது 257-உம் 641-உம். இந்த வரிசையில் எந்த இரண்டு எண்களுக்கும் பொதுக் காரணி கிடையாது, 257 ஏற்கெனவே வரிசையில் இருக்கிறது. ஆக, முதலில் சோதிக்க வேண்டியதே 641தான். வகுப்பதைவிட, எதை வகுக்க வேண்டாம் என்று கண்டுபிடிப்பதுதான் இதில் எனக்குப் பிடித்த வேலை.

வகுக்காமலே காட்டவும் முடியும். 641 = 5 × 128 + 1. எனவே 641-ஆல் வரும் மீதியை மட்டும் பார்த்தால் 5 × 128-உம் −1-உம் ஒன்றுதான். இரண்டையும் நான்காம் அடுக்குக்கு உயர்த்து. ஒரு பக்கம் 625 × 2-இன் 28-ஆம் அடுக்கு, மறுபக்கம் 1. 641 = 625 + 16 என்பதால் 625 இருக்கும் இடத்தில் −16 போடலாம். 16 என்பது 2-இன் 4-ஆம் அடுக்கு. 28-உம் 4-உம் 32. ஆக, 2-இன் 32-ஆம் அடுக்கு −1 ஆகிறது. ஒன்று கூட்டினால் பூஜ்யம். முடிந்தது.

65537-க்கு மேல் இந்த வரிசையில் இன்னொரு பகா எண்ணை இதுவரை யாரும் கண்டதில்லை. இனி இல்லவே இல்லை என்று நிரூபித்தவரும் இல்லை.

அடுத்தது 2-இன் 64-ஆம் அடுக்கோடு 1. அதை 1880-இல் எண்பது வயதைக் கடந்த லாந்திரி என்ற பிரெஞ்சுக்காரர் உடைத்தார், கம்ப்யூட்டர் இல்லாமல். அதன் சிறிய காரணி 274177. லூக்கா வழியில் இந்த எண்ணின் காரணிகளை 256-ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். நேரம் கிடைத்தால் 257-இல் தொடங்கி 256 256-ஆகக் கூட்டிப் போகிற மாதிரி ஒரு புரோகிராம் எழுதிப் பார். அது எத்தனையாவது எண்ணாக வருகிறது என்று சொல். எனக்கு 1071 வந்தது.

அன்புடன்,
அம்மா